டேப்புக்கு முன்னால் பேசிய தமிழ்

முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சொந்தக் குரலை முதன்முதலில் வெளியிலிருந்து கேட்டது ஞாபகம் இருக்கிறதா? இப்போதைய பிள்ளைகள் பிறந்த வாரமே தங்கள் அழுகையைக் கைபேசியில் கேட்டுவிடுகிறார்கள். நமக்கு அப்படி இல்லை. ஏதோ ஒரு மத்தியானத்தில், யாரோ ஒருவருடைய பெட்டியிலிருந்து, சளி பிடித்தாற்போல அது வந்திருக்கும். "இது நான் இல்ல" என்றுதான் எல்லோரும் முதலில் சொல்லியிருப்போம்.

எங்கள் வீட்டில் அது அடையாற்றங்கரையில் நடந்தது. ராஜா அண்ணாமலைபுரத்துப் பெரிய வீடுகளின் பின்மதில் முடிகிற இடத்தில் எங்கள் தெரு ஆரம்பிக்கும். தெரு என்று நாங்கள்தான் சொன்னோம். இரண்டு பக்கமும் தகரமும் ஓலையும், நடுவில் ஒரு ஆள் குடத்தோடு போகிற அகலத்துக்கு வழி. வழி முடிகிற இடத்தில் ஆறு. கோடையில் ஆறு அசையாது, எண்ணெய் தடவினாற்போல மினுங்கிக்கொண்டு கிடக்கும். சாயங்காலம் கடல்காற்று ஏறியதும் நாற்றம் கொஞ்சம் அடங்கும். அப்போது எல்லோரும் வெளியே வந்து உட்காருவோம். அந்த வெளிச்சத்தில் ஆறு அழகாகவே இருக்கும். இன்றும் கண்ணை மூடினால் நாற்றமில்லாத ஆறுதான் வருகிறது.

அப்பா சைதாப்பேட்டையில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். தீபாவளிக்கு வருவார். அம்மா பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். நான் மாநகராட்சிப் பள்ளியில் படித்தேன். அங்கே இங்கிலீஷ் சார் 'ஐ' என்றால் 'ஆம்', 'ஹி' என்றால் 'இஸ்', 'தே' என்றால் 'ஆர்' என்று ராகம் போட்டுச் சொல்லுவார். மாற்றிச் சொன்னால் ஸ்கேலைத் திருப்பி, விளிம்பால் விரல் முட்டியில் அடிப்பார். ஏன் 'ஐ'க்கு 'ஆம்' என்று யாரும் கேட்டதில்லை. அடிக்கு ஏது காரணம்?

நான் எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடை விடுமுறையில்தான் டேப்பு டீச்சர் வந்தார். அவர் டீச்சர் இல்லை. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சின்ன வயதுப் பெண். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, குடை, தோளில் ஜோல்னாப் பை. பைக்குள் கறுப்பு டேப் ரிக்கார்டர், பஞ்சுத் தொப்பி போட்ட மைக்கு. "நான் மொழியியல் படிக்கிறேன். நீங்க எப்படிப் பேசறீங்கன்னு பதிவு பண்ண வந்திருக்கேன்" என்று தெருமுனையில் நின்று சொன்னார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளக்கியது எங்கள் ரசிகர் மன்றத் தலைவர்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் சங்கிலியோடு சிலர் வந்து கரையை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்களைக் காலி செய்யப் போகிறார்கள் என்ற பேச்சு அடுப்புப் புகை மாதிரி எல்லா வீட்டுக்குள்ளும் இருந்தது. மன்றத் தலைவர் இரண்டையும் சேர்த்தார்.

"நெலத்த அளந்துகினு போய்ட்டான். இப்ப நாக்க அளக்க வந்துகீறாங்கோ."

"நாக்க அளந்து இன்னா பண்ணுவாங்கோ?" என்று கேட்டாள் எதிர்வீட்டு அத்தை.

"டீசன்ட்டா பேசறவங்களுக்கு இங்கியே மாடி வூடு. நம்மள மாரி பேசறவங்களுக்கு ஊருக்கு அப்பால."

"அப்ப மொத லாரில நீதான் ஏறணும் நைனா" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்துவிட்டுப் போனவர்கள் வீட்டுக்குள் போய் யோசித்தார்கள்.

மற்றவர்கள் பாதி நம்பினார்கள். என் அம்மா முழுதாக நம்பினாள். அதற்குக் காரணம் இருந்தது. அம்மா வேலை செய்த வீடுகளில் ஒன்று மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்தில். அந்த வீட்டு மாமி நல்லவர்தான். பழைய புடவை கொடுப்பார், காபி கொடுப்பார். ஒருநாள் மாமியின் பேரன் பாட்டியிடம் போய், அம்மா பேசுகிற மாதிரியே, "பால் கீதா?" என்று கேட்டுவிட்டான். மாமி அம்மாவைக் கூப்பிட்டுத் தணிவாகவே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதேடி. கொழந்தைகள் ஆத்துல இருக்கறச்சே நீ பேசாம வேலைய முடிச்சுண்டு போயிடு. கேட்டுண்டே இருந்தா அதுகளுக்கும் ஒட்டிண்டுடும்." அன்றிலிருந்து அந்த வீட்டில் அம்மா தலையசைப்பாள், கையைக் காட்டுவாள், வாயைத் திறக்கமாட்டாள். அம்மை போட்ட வீட்டுக்காரியைப் போலத் தன் பேச்சை அடக்கிக்கொண்டு போய்வந்தாள். பேச்சு ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டால் அந்த வேலைகளும் போய்விடும். விடியற்காலையில் பஸ் பிடித்து வந்து பாத்திரம் தேய்க்கிறவளுக்கு யார் காத்திருப்பார்கள்? அம்மாவுக்கு ஆற்றங்கரை என்றால் வீடு மட்டும் இல்லை, நடந்து போகிற தூரம்.

ஆகவே எங்கள் தெரு நல்ல தமிழ் பேசிப் பழகியது. சாயங்காலங்களில் டீக்கடை ரேடியோவில் செய்தி வரும்போது பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொல்லிப் பார்ப்பாள். "நான் வருகிறேன். நான் சமைக்கிறேன்." பிறகு மாமி வீட்டில் கேட்டதையும் சேர்த்துக்கொள்வாள். "வந்துண்டு. போயிண்டு." இரண்டும் வேறு வேறு என்று அவளுக்குத் தெரியாது. தன்னுடையது அல்லாத எல்லாம் அவளுக்கு நல்ல தமிழ்தான். விளக்கு வெளிச்சத்தில் அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிப்போவேன். ஏதோ சாமிக்கு வேண்டிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

டேப்பு டீச்சர் வீடு வீடாக வந்தார். முதலில் மன்றத் தலைவர். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாதாரணமாக அவருக்கு வாழைப்பழம் 'வாயப்பயம்'தான். மைக்கைப் பார்த்ததும் கண்ட இடத்திலெல்லாம் ழகரம் போட்டார். "எங்கழ் தழைவர் அவர்கழின் ஆசியாழ்..." டீச்சர் பேனாவை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

அம்மாவின் முறை வந்தபோது அவள் குளித்து, பவுடர் போட்டிருந்தாள்.

"காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க, சும்மா சொல்லுங்கக்கா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் காலம்பற எழுந்துண்டு, பல் துலக்கிண்டு, அதன் பின்னர் இல்லப் பணிகளை மேற்கொள்கிறேன்."

வாசலில் நின்ற எதிர்வீட்டு அத்தை, "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" என்றாள். தெருவே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேறிவிட்டோமா என்று கேட்கிற பார்வை. டீச்சர் ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்தார். அந்த ஏமாற்றத்தை அம்மா வேறு மாதிரிப் படித்தாள். அன்று சாயங்காலம் ரேடியோ முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

மத்தியானங்களில் டீச்சர் ஆற்றோரத்துப் பூவரச மரத்தடியில் டப்பாச் சோறு சாப்பிடுவார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் பழக்கம். டேப்பில் உண்மையாகப் பேசக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். மரத்தடியைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"டேப்பு வேணாம். சும்மா சொல்லு. 'நான் வீட்டில் இருக்கிறேன்', இத நீ உன் கூட்டாளிகிட்ட எப்படிச் சொல்லுவ?"

"நான் வூட்ல கீறேன்."

"அவன்?"

"கீறான்."

"அவங்க?"

"கீறாங்கோ."

"பூனை?"

"பூன எங்க வூட்ல நிக்காது டீச்சர். நின்னா... கீது."

டீச்சர் சிரித்துவிட்டு, ஒரு குச்சியால் மணலில் எழுதினார். ஒரு பக்கம் எங்கள் இங்கிலீஷ் சாரின் ஆம், இஸ், ஆர். எதிர்ப்பக்கம் நான் சொன்ன கீறேன், கீறான், கீறாங்கோ, கீது. ஆளுக்குத் தகுந்தபடி வால் மாறுகிறது, அங்கேயும் அப்படித்தான், உன்னிடத்திலும் அப்படித்தான் என்றார். "இங்கிலீஷ்ல மூணே மூணு வச்சுக்கிட்டு அடிச்சு அடிச்சுச் சொல்லித்தர்றாங்க. உன்கிட்ட அதுக்கு மேலயே இருக்கு. உனக்கு யாரும் அடிச்சாங்களா?"

இல்லை என்றேன். என் வாய்க்குள் என்னைக் கேட்காமலே ஒரு ஒழுங்கு இருந்துவந்திருக்கிறது. வீட்டுக்குள் யாரோ தங்கியிருப்பது தெரியாமலே அத்தனை காலம் இருந்த மாதிரி.

இன்னொரு மத்தியானம் தொண்டையில் விரல் வைத்து 'பல்' என்று சொல்லச் சொன்னார். பிறகு 'பஸ்' என்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப' எழுதுகிறோம், ஆனால் தொண்டைக்கு வித்தியாசம் தெரியும். பல்லுக்குத் தொண்டை தாமதமாக விழித்தது. பஸ்ஸுக்கு உதடு மூடியிருக்கும்போதே விரலுக்கடியில் வண்டு மாதிரி அதிர்ந்தது. இதைத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினேன். அந்த வாரம் முழுவதும் பிள்ளைகள் தங்கள் கழுத்தைத் தாங்களே பிடித்துக்கொண்டு, பல், பஸ், பாய், பால் என்று முணுமுணுத்தபடி ஆற்றோரம் திரிந்தார்கள். வெயில் தண்ணீரில் பட்டு எங்கள் முகத்தில் அசைந்தது. ஏதோ கோடை ஜுரம் என்று நினைத்து ஒருத்தி தன் பிள்ளைக்கு மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பிறகு ஓரிடத்தில் தங்கவில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன், பம்பாயில் வீட்டோடு சமையல் செய்தேன், கொஞ்ச காலம் ரயிலில் ஊசியும் ஊக்கும் விற்றேன். எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளே பக்கத்தில் இருப்பவளிடம் கேட்பேன்: நான் இருக்கிறேன் என்பதற்கு என்ன, அவள் இருக்கிறாள் என்பதற்கு என்ன? வால் எங்கே மாறுகிறது என்று பார்ப்பேன். மீதி தானாக வரும். இங்கிலீஷும் அப்படித்தான் வந்தது, ஒரு வெளிநாட்டுக்காரி வீட்டுச் சமையலறையில். நான் பேசுவதில் பிழை இருக்கும். அவளுக்குப் புரிந்தது, சம்பளம் வந்தது.

தெருவின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் உண்மையிலேயே ஆட்கள் வந்தார்கள். சாக்பீஸால் கதவுகளில் எண் போட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, எங்களையும் பேசவிடவில்லை. நல்ல தமிழ் பேசியவர்களும் பேசாதவர்களும் ஒரே லாரிகளில் ஏறினோம். மன்றத் தலைவரும் அத்தையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தார்கள். போய் இறங்கிய இடத்தில் ஆறும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அம்மா விடியலுக்கு முன் நடந்து போய் பஸ் பிடித்துக் கொஞ்ச காலம் மயிலாப்பூர் வந்துகொண்டிருந்தாள். பிறகு மாமி வேறு ஆள் வைத்துக்கொண்டார். அம்மா அங்கேயே காய்ச்சலில் போனாள். ரேஷன் கார்டில் அவள் முகம் இருந்தது. குரல் எங்களிடம் எதிலும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது டீச்சர் வந்த அந்தக் கோடையின் ஒரு நாளைப் பற்றி.

எங்கள் தெருவுக்கு ஒரே அடிபம்பு. தண்ணீர் சன்னமாகத்தான் வரும் என்பதால் யாரும் வரிசையில் நிற்பதில்லை. ஆளுக்கொரு செங்கல்லோ உடைந்த ஓடோ வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். அந்தக் கல்தான் நாம். கல்லை நகர்த்துவது ஆளைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். அன்று டீச்சர் பம்பு மேடையில் உட்கார்ந்து புது பேட்டரி போட்டு, வேலை செய்கிறதா என்று டேப்பை ஓடவிட்டிருந்தார். அம்மா மயிலாப்பூரிலிருந்து அப்போதுதான் வந்தாள், காலையெல்லாம் வாய் திறக்காத வீட்டிலிருந்து. வரிசையில் அவள் செங்கல் பின்னால் போயிருந்தது.

"யார்மே என் கல்ல நவுத்துனது?"

"காத்துல நவுந்துச்சி" என்றாள் எதிர்வீட்டு அத்தை, குடத்தைக் கழுவிக்கொண்டே.

"காத்துல நவுர்றதுக்கு அது இன்னா உன் வூட்டுக்காரன் வேட்டியா?"

"என் வூட்டுக்காரன் வேட்டி என் வூட்டு கொடில கீதுமே. உன் வூட்டுக்காரனுது எவ வூட்டு கொடில காஞ்சிகினு கீதோ!"

சுற்றி நின்றவர்கள் மூச்சை இழுத்தார்கள்.

"காயட்டும்மே. தோய்க்கிற வேல எனக்கு மிச்சம்."

முதலில் சிரித்தது அத்தைதான். பிறகு எல்லோரும். அம்மா நிற்கவில்லை. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, கல்லை எடுத்து முன்னால் வைத்தாள். காலையிலிருந்து அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்து வந்தது. யார் யார் எப்போது எவ்வளவு தண்ணீர் பிடித்தார்கள், யார் பிரசவத்துக்கு யார் வெந்நீர் வைத்தது, எல்லாம் வந்தது. கடைசியில், "கல்லத்தான் நவுத்துவ. என்ன எவன் நவுத்துவான்? நான் இங்கதான் கீறேன், இங்கதான் இருப்பேன்" என்றாள். வெயிலில் அவள் முகம் மினுங்கியது. நான் அவளை அவ்வளவு அழகாக அதற்கு முன் பார்த்ததில்லை.

தண்ணீர் பிடித்து முடிந்ததும் டீச்சர் ஓடிவந்தார். கண்ணில் சந்தோஷம். "அக்கா, இத கேளுங்க." பொத்தானை அழுத்தினார். பெட்டியிலிருந்து அம்மா பேசினாள். அம்மா முதலில் யாரோ என்று நினைத்துத்தான் கேட்டாள். பிறகு புரிந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அழி."

"அக்கா..."

"அழி டீச்சர். இத்த கேட்டாங்கன்னா எனக்கு வூடு குடுப்பாங்களா?"

"வீட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லக்கா. நான் கவர்மெண்ட்டு இல்ல."

"எல்லாரும் அப்டிதான் சொல்லுவாங்கோ."

"இதுல ஒரு தப்புகூட இல்ல. இதுக்கும் இலக்கணம் இருக்கு. நீங்க ஒரு இடத்துல கூட தவறல."

"தப்பில்லன்னா அந்த வூட்ல என்ன ஏன் பேசாதன்னாங்கோ?"

டீச்சர் டேப்பை மார்போடு பிடித்துக்கொண்டார். அடுத்து வந்த பேச்சு அதுவரை நாங்கள் கேட்ட டீச்சருடையதாக இல்லை. "அத மட்டும் அழிக்கச் சொல்லாதீய அக்கா. இம்புட்டு நாளும் இதுக்குத்தான அலைஞ்சேன். என்னத்தச் சொன்னா நம்புவீய?"

அம்மா அவரையே பார்த்தாள்.

"நீ இப்டிதான் பேசுவியா?"

"எங்க ஊர்ல இப்படித்தான்" என்றார் டீச்சர், மறுபடியும் பட்டணத்துத் தமிழுக்கு வந்து. "ஹாஸ்டல்ல சிரிச்சாங்க. விட்டுட்டேன்."

"உன் பேச்ச யார் டேப்புல புடிச்சாங்கோ?"

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டீச்சர் உட்கார்ந்து, நாடாவைப் பின்னோக்கி ஓட்டினார்.

அழிப்பதென்றால் அதன்மேல் மறுபடியும் பதிய வேண்டும் என்றார். பேச்சு இருந்த நீளத்துக்குப் பேச்சில்லாமல் ஓடவிட வேண்டும். அதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். சிவப்புப் பொத்தான் உள்ளே அமுங்கியது.

எங்கள் தெரு அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா மேடைக்கு முன்னால் நின்று உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு அத்தை தன் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டாள். மன்றத் தலைவர் சைக்கிளிலிருந்து இறங்கி, மணி அடித்துவிடாமல் கையால் பிடித்துக்கொண்டார். பம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ வீட்டில் குக்கர் விசில் அடித்தது. காக்கை ஒன்று தகரத்தின் மேல் நடந்தது. பெட்டியின் கண்ணாடி மூடிக்குப் பின்னால் பழுப்பு நாடா சுற்றிச் சுற்றிப் போனது. அம்மாவின் வேட்டியும் கொடியும் பிரசவமும் வெந்நீரும் ஒவ்வொன்றாக அதற்குள் அணைந்துகொண்டிருந்தன. எனக்குக் கண் சொக்கியது.

கடைசியில் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. பஞ்சுத் தொப்பிக்கு மிக அருகில் குனிந்தாள்.

"அழிஞ்சி பூட்ச்சா?" என்று கேட்டாள், ரகசியமாக, தன் சொந்தப் பேச்சில்.

டீச்சர் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பொத்தானை எடுத்துவிட அவர் கை போகவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது.